வட்டியைக் கட்டி மாற்றி வைத்தது போதும்

கேள்வி: விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறேன். சம்பளம் 48,000, செலவு போக மாதம் 9,000 மிஞ்சும். திரையில் ஆடும் பின்பால் (துடுப்பால் பந்தைத் தட்டி ஆடும் விளையாட்டு) மேசை ஒன்றை வீட்டிலேயே செய்ய ஆசை. கம்ப்யூட்டர் 1,20,000 (திரையில் படத்தைக் காட்டும் கிராபிக்ஸ் கார்டு மட்டும் 65,000), 43 இன்ச் 4கே திரை 45,000, மற்ற திரைகள், மரவேலை, பட்டன்கள் 70,000 ஆகும். கம்ப்யூட்டரை 12 மாத நோ-காஸ்ட் இஎம்ஐயில், அதாவது வட்டியில்லாத் தவணையில் எடுத்து, மீதிக்கு மனைவியின் சங்கிலியை அடகு வைக்கலாமா? அத்தானின் கடைக்காக நாங்கள் 3 லட்சத்துக்கு வைத்த மனைவியின் நகை ஏற்கெனவே அடகில் இருக்கிறது. 12 சதவீத வட்டி. மூன்று வருடமாக வட்டி கட்டி மாற்றி வைக்கிறோம். எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

பதில்: கார்டுக்கு வருகிறேன். அதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த நகைக்கடன். வருடம் 36,000 வட்டி. மூன்று வருடத்தில் 1,08,000 போயிற்று. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. பழைய ரசீதைக் கொடுத்து, வட்டியைக் கட்டி, புது ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வரும்போது ஏதோ கடனே தீர்ந்த மாதிரி இருக்கும். நகை அதே உறையில்தான் கிடக்கிறது. இந்தப் பழக்கம்தான் உங்களைத் தின்கிறது. இதில் சங்கிலியும் போய்ச் சேர வேண்டாம்.

நோ-காஸ்ட் இஎம்ஐ என்ற பெயரைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டினாலும் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை உங்களிடம்தான் வாங்குவார்கள். பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமும் உண்டு. அதையெல்லாம் விடுங்கள். மாதத் தவணையே 10,000. உங்களிடம் மிஞ்சுவது 9,000.

செய்ய வேண்டியது இது. அடுத்த முறை மாற்றி வைக்கும்போது ஒரே கடனாக வைக்காமல் மூன்று சிறு கடன்களாகப் பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொரு நகையாகத் திருப்பலாம். அத்தானிடம் மாதம் 5,000 கேளுங்கள். அக்கா வருத்தப்படுவாள் என்று தயங்குவீர்கள், தெரியும். ஆனால் கடை ஓடுகிறது என்றால், உங்கள் மனைவியின் நகைக்கு அவர் பங்கு கட்டுவதுதான் முறை. அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுங்கள். உங்கள் 9,000 சேர்ந்து மாதம் 14,000 கட்டினால், ஏறத்தாழ இரண்டு வருடத்தில் முழுக்கத் திருப்பிவிடலாம். அவர் தராவிட்டால் உங்களுக்கு மட்டும் கிட்டத்தட்ட மூன்றரை வருடம்.

சரி, மேசை. ஆசையை விடச் சொல்லமாட்டேன், செலவைப் பாதியாக்கலாம். இந்த விளையாட்டை ஓட்டும் விஷுவல் பின்பால் மென்பொருள் இலவசம். 65,000 ரூபாய் கார்டைக் கேட்பது விளையாட்டு இல்லை, அந்த 4கே திரைதான். மேசைக்கு அதைவிடத் தெளிவு குறைந்த 1080பி திரை போட்டால் நடுத்தர கார்டு போதும். மேசை, பின்னால் நிமிர்ந்து நிற்கும் பின்பலகை, ஸ்கோர் என மூன்று திரை ஓட வேண்டுமே, அதனால் கார்டில் திரையை இணைக்கும் அவுட்புட் மூன்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி. கம்ப்யூட்டர் 60,000க்குள் வரும். பின்பலகைக்குப் பழைய மானிட்டர் ஒன்று கிடைத்தால் மொத்தமே 1,15,000 பக்கம்தான். நீங்கள் கட்டிய வட்டிப் பணம் ஞாபகம் இருக்கிறதா?

டிவியைத் திரையாக வைத்தால் கேம் மோடு உள்ளதாக எடுங்கள். இல்லாவிட்டால் பட்டனை அழுத்தியபின் துடுப்பு தாமதமாக எழும், பந்து போய்விடும். நம் ஊர் வெயிலுக்கு, மேசையின் அடியில் காற்று வாங்கவும் மேலே சூடு போகவும் துளைகள் கட்டாயம், இரண்டு ஃபேனும் வேண்டும். முதலில் திரையை வாங்கி, அதை அளந்த பிறகே பலகையை அறுக்க வேண்டும். கார்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அறுத்த பலகையை மாற்ற முடியாது.

முதல் நகை வீட்டுக்கு வந்த மாதத்திலிருந்து, அந்தக் கடனுக்குப் போய்க்கொண்டிருந்த வட்டித் தொகையை மட்டும் மேசைக்கென்று தனி ஆர்டியில் போடுங்கள். அதுவரை ஆசாரிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.