பால் தீர்ந்தது, நான் தீரவில்லை

மெக்சிகோ வாடிக்கையாளர்களுக்காக இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். ஒருநாள் விடியற்காலையில் அலுத்துப்போய் ஸ்பானிஷில் 'எஸ்தோய் அக்கபாதா' என்றேன். எதிர்முனையில் இருந்தவர் பதறிவிட்டார். 'தீர்ந்துபோன' என்பதற்கு அகராதியில் அக்கபாதோ, அகோத்தாதோ, கஸ்தாதோ என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. எதை எங்கே போடுவது?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதறாமல் என்ன செய்வார்? 'என் கதை முடிந்தது' என்றல்லவா சொல்லியிருக்கிறீர்கள்! மார்க்கெட் போன நடிகரையும், இனி எழ முடியாது என்று ஊரே கைவிட்ட அரசியல்வாதியையும்தான் அக்கபாதோ என்பார்கள். நீங்கள் சொல்ல நினைத்தது 'எஸ்தோய் அகோத்தாதா' (பெண் என்பதால் 'தோ' அல்ல, 'தா'). சாதாரணக் களைப்புதான் என்றால் 'கன்சாதா' போதும்.

இந்தச் சொல்லிடம் நானும் அடிபட்டவள்தான். ஸ்பெயினின் சலமன்கா நகரில் இருந்த புதிதில், ஒரு ஞாயிறு மதியம் ரொட்டிக் கடைக்குப் போனேன். அலமாரி காலி. 'ரொட்டி எஸ்தா அக்கபாதோ?' என்று கேட்டேன். கடைக்கார அம்மா, 'அது காலை ஆறு மணிக்கே ஆச்சே!' என்றார். ரொட்டி சுட்டு முடிந்ததா என்று நான் கேட்டதாக அவருக்குப் பட்டிருக்கிறது. பின்னால் நின்ற பெரியவர்தான் காலி அலமாரியைக் காட்டி 'நோ கேதா' என்றார். மிச்சமில்லை என்று அர்த்தம். இரண்டே சொல். அன்றைக்கு நான் கற்ற ஸ்பானிஷ் அவ்வளவுதான், ரொட்டியும் கிடைக்கவில்லை.

மூன்றுக்கும் வேரைப் பார்த்தால் குழப்பம் பாதி குறையும். 'கோத்தா' என்றால் துளி. கடைசித் துளிவரை வடித்தெடுப்பது அகோத்தார். அதனால்தான் தண்ணீர் வற்றிய கிணறு, வெள்ளி எடுத்துத் தீர்ந்த சுரங்கம், அச்சில் இல்லாத புத்தகம், இரவு ஷிஃப்ட் முடித்த நீங்கள் எல்லோருமே அகோத்தாதோ கணக்கில் வருகிறீர்கள். தியேட்டர் வாசலில் 'அகோத்தாதாஸ்' என்று போர்டு தொங்கினால் நம் ஊர் ஹவுஸ்ஃபுல்.

அக்கபார் வருவது 'காபோ'விலிருந்து. காபோ என்றால் முனை. ஸ்பானியர்களுக்கு நம் கன்னியாகுமரி 'காபோ கொமொரீன்'. நிலம் முடிகிற இடம்! ஆக, அக்கபார் என்பது ஒன்று அதன் முனைக்கு வந்துவிடுவது.

கஸ்தார் தேய்மானத்துக்கு. குதி தேய்ந்த செருப்பு, சக்தி போன டார்ச் பேட்டரி. காசைச் செலவழிப்பதும் இதே கஸ்தார்தான்.

வீட்டில் பால் தீர்ந்தால்? 'சே மே அக்கபோ லா லெச்சே.' இதில் 'மே' என்பது கிட்டத்தட்ட நம் 'எனக்கு'. பால் தானாகத் தீர்ந்துபோனது, பாதிப்பு எனக்கு. குற்றவாளி யாரும் இல்லை. தமிழிலும் 'பால் தீர்ந்துபோச்சு' என்று சொல்கிறோமே தவிர, 'நான் பாலைத் தீர்த்துட்டேன்' என்று யாராவது மாமியாரிடம் வாக்குமூலம் கொடுப்பார்களா? இங்கிலீஷ் வழியாகப் போகாமல் நேரே தமிழிலிருந்து ஸ்பானிஷுக்குத் தாவுங்கள், இந்த இடம் சுலபம். மெக்சிகோக்காரர்களோடு பேசுகிறவர் என்பதால் இன்னொன்று: ஃபோனில் சார்ஜ் போய்விட்டால் அவர்கள் 'சே மே அக்கபோ லா பிலா' என்பார்கள். பிலா என்றால் பேட்டரி. அடுத்த முறை சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

அப்புறம் 'மொலீதா'. காபித்தூள் பொட்டலத்தில் 'கஃபே மொலீதோ' என்று அச்சடித்திருக்கும், அரைத்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும் நாளில் நீங்களும் 'எஸ்தோய் மொலீதா' எனலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், காபி வாசனையோடு வருவதால்.

களைத்துப்போனவரைச் சொல்ல 'எக்ஸவுஸ்தோ' என்று ஒரு சொல் உண்டே, அதை ஏன் யாரும் பேச்சில் சொல்வதில்லை?
- ஒரு வாசகர், திருச்சி

சொல்கிறார்கள், ஆனால் குறைவு. பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் மாரத்தான் ஓடி விழுந்தவருக்கு அது பொருந்தும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைச் சொன்னால், மனைவியிடம் 'நான் பெரிதும் களைப்புற்றுள்ளேன்' என்ற மாதிரி இருக்கும். எழுதும்போது நடுவில் எச் உண்டு, உச்சரிக்கக் கூடாது.

'சோய் கன்சாதோ' என்றால் தப்பா?
- ஒரு மாணவர், மதுரை

தப்பு. 'சோய்', 'எஸ்தோய்' இரண்டுமே 'நான் இருக்கிறேன்'தான், ஆனால் சோய் இயல்புக்கு, எஸ்தோய் நிலைக்கு. களைப்பு வந்து போகிற நிலை, அதனால் 'எஸ்தோய்'. ஆனால் நீண்ட பஸ் பயணத்தை 'எஸ் கன்சாதோ', அதாவது களைப்பூட்டுவது, என்று தாராளமாகச் சொல்லலாம் ('எஸ்' என்பது சோயின் 'அது' வடிவம்). அப்போது களைத்திருப்பது பயணம் இல்லை, நீங்கள்.