ஈடு

அன்புள்ள ஐயா,

நான் ஒரு கலைக்கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். சென்ற வாரம் ஷெல்லியின் 'ஓட் டு தி வெஸ்ட் விண்ட்' நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "சார், இவர் கர்ப்பமா இருந்த மனைவிய விட்டுட்டு இன்னொரு பொண்ணோட போனவர்தானே?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "கவிதையை மட்டும் பார்ப்போம்" என்று சமாளித்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கவிதையை வாய்விட்டு வாசிக்க முடியவில்லை.

பாரதியே ஷெல்லிதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டாரே, அவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா? ஷெல்லியின் முதல் மனைவி ஹாரியட் அறிவில் அவருக்கு ஈடானவள் இல்லை, பின்னால் வந்த மேரியே அவருக்கு ஏற்ற துணை என்று விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு மேதையின் வாழ்வில் இது தவிர்க்க முடியாததுதானோ? வாழ்க்கையையும் படைப்பையும் பிரித்துப் பார்ப்பது எப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வழக்கமாகக் கடிதங்களை ஒரு வாரம் ஊறப்போட்டுத்தான் பதில் எழுதுவேன். உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். போன மாதம் என் அத்தை காலமானாள். காரியமெல்லாம் முடிந்து அவளுடைய தகரப்பெட்டியைத் திறந்ததிலிருந்து என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது ஹாரியட்தான். அத்தைக்கு அப்புறம் வருகிறேன்.

பாரதி அந்தப் பெயரை வைத்துக்கொண்டபோது இளைஞர். ஷெல்லியிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது விடுதலை வேட்கையை. அது அவருடைய பாட்டில் இருக்கிறது, போதும். வாழ்க்கையையும் படைப்பையும் பிரிப்பது பற்றி நாற்பது வருடமாகக் கருத்தரங்கம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள், அவர்களே நடத்தட்டும். கவிதை உயர்ந்த கவிதை. தாராளமாக நடத்துங்கள்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கடிதத்தில் இருக்கும் 'ஈடு' என்ற சொல்லைப் பார்த்து. அதை எங்கே எடுத்தீர்கள்? ஹாரியட் எழுதிய ஒரு கடிதத்தையாவது படித்துவிட்டு எழுதினீர்களா? படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். படித்தவர் அந்தச் சொல்லை எழுதியிருக்க மாட்டார். இலக்கியம் நடத்துகிறவர், ஒரு பெண்ணின் அறிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் அவள் கைப்பட எழுதியதைப் பார்க்க வேண்டாமா?

ஹாரியட் வெஸ்ட்புரூக் லண்டனில் காபி விடுதி நடத்தி வசதியான ஒருவரின் மகள். 1811 ஆகஸ்டில் பதினாறு வயதில் ஷெல்லியோடு எடின்பரோவுக்கு ஓடிப்போய் மணந்துகொண்டாள். ஷெல்லிக்குப் பத்தொன்பது. நாத்திகத் துண்டுப்பிரசுரம் வெளியிட்டதற்காக ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளியேற்றப்பட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த வருடம் இருவரும் அயர்லாந்து விடுதலைக்குப் பிரசாரம் செய்ய டப்ளின் போனார்கள். அங்கிருந்து ஹாரியட் ஒரு தோழிக்கு எழுதுகிறாள்: பிரசுரங்களை ஜன்னல் வழியாக வீசுகிறோம், தெருவில் போகிறவர்கள் கையில் திணிக்கிறோம், எனக்குச் சிரித்துச் சிரித்து உயிர் போகிறது, பெர்சியோ (ஷெல்லியைத்தான் சொல்கிறாள்) முகத்தை அவ்வளவு கடுமையாக வைத்துக்கொண்டிருக்கிறார். முந்தின நாள் அவர் ஒரு பெண்ணின் மேலங்கித் தலைமூடிக்குள் அவளுக்கே தெரியாமல் ஒரு பிரசுரத்தைப் போட்டுவிட, இவளால் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடக்கவே முடியவில்லையாம்.

உலகத்தைத் திருத்தக் கிளம்பிய கணவன் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த வேலையில் இருக்கும் வேடிக்கையையும் பார்க்கத் தெரிந்தவள் அவள். ஷெல்லியின் ஆயிரக்கணக்கான வரிகளில் இப்படிச் சிரிக்கத் தெரிந்த இடங்கள் குறைவு. அவருக்காக லத்தீன் படிக்கவும் தொடங்கினாள். 'குவீன் மேப்' காவியத்தை 1813-ல் அவளுக்குத்தான் சமர்ப்பித்தார். அப்போதெல்லாம் ஈடாகத்தானே இருந்தாள்? அடுத்த வருடம் மேரி காட்வினைப் பார்த்தபிறகு எப்படிக் குறைந்துபோனாள்?

மேரியைக் குறைத்துச் சொல்லவில்லை. வீட்டைவிட்டுப் போனபோது அவளுக்கும் பதினாறு வயதுதான். பத்தொன்பதாவது வயதில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதி முடித்துவிட்டாள். ஆனால் ஒருத்தி உயர்ந்தவள் என்பதற்காக இன்னொருத்தியை மட்டமாக்குவது எந்த ஊர் நியாயம்?

1814 ஜூலை 28 அன்று ஷெல்லி மேரியோடும் அவளுடைய மாற்றாந்தாய் மகள் கிளேரோடும் பிரான்சுக்குப் புறப்பட்டார். ஹாரியட்டின் இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை அயாந்தி, வயிற்றில் இன்னொன்று. பதினாறு நாள் கழித்து ட்ருவா நகரத்திலிருந்து ஹாரியட்டுக்குக் கடிதம் எழுதுகிறார். நீயும் சுவிட்சர்லாந்துக்கு வந்துவிடு, எங்கள் அருகிலேயே இருக்கலாம், என்னைப்போல மாறாத நண்பன் உனக்கு வேறு யாரும் கிடையாது என்று. வரும்போது வக்கீலிடமிருக்கும் பத்திரங்களையும் எடுத்து வரவேண்டுமாம்! செப்டம்பரில் மூவரும் கையில் காசில்லாமல் லண்டன் திரும்பினார்கள். படகுக்கூலி கொடுக்கவும் வழியில்லை. ஷெல்லி பணம் கேட்கப் போன இடம் ஹாரியட்டின் வீடு. மேரியும் கிளேரும் வெளியே வண்டியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் அவளுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், காலுறைகள் வேண்டும், கைக்குட்டைகள் வேண்டும், மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் மறைவுக்குப் பின் வெளிவந்த நூல்கள் வேண்டும், அனுப்பிவை என்று கேட்கிறார். வுல்ஸ்டன்கிராஃப்ட் யார்? பெண் உரிமைக்காக எழுதிய மாபெரும் எழுத்தாளர், மேரியின் தாய். புதிய காதலியின் தாய் எழுதிய புத்தகத்தை, கர்ப்பிணியான மனைவி தேடி எடுத்து, காலுறையோடு சேர்த்துக் கட்டி அனுப்ப வேண்டும். இதைக் கேட்டவர் கெட்டவர் இல்லை எஸ். மார்லோவில் குடியிருந்தபோது ஏழை லேஸ் பின்னும் பெண்களுக்குப் போர்வை வாங்கிக் கொடுத்தவர், கடனில் மூழ்கிக்கொண்டே நண்பர்களுக்குப் பணம் அள்ளிக் கொடுத்தவர். தான் கேட்பது என்ன என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால் அப்படி ஒரு பார்சலைத் தபாலாபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான்.

மாமா தமிழாசிரியர், கவிஞர். நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது வேறு ஊருக்கு, வேறு ஒருவரோடு போய்விட்டார். ஏழெட்டு மாதம் கழித்து அத்தைக்கு ஒரு கார்டு வந்தது. நலம் விசாரிப்பு ஒரு வரி. அப்புறம் சால்வை, மூக்குக்கண்ணாடியின் பழைய கூடு, பச்சை அட்டை நோட்டு மூன்றையும் அனுப்பவும் என்றிருந்தது. மாமாவின் கையெழுத்து அச்சுக்கோப்பவருக்குப் புரியாது என்பதால், அந்த நோட்டில் இருந்த கவிதைகள் முழுவதையும் அத்தைதான் தன் கையால் படியெடுத்திருந்தாள். பாட்டி அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தாள். அத்தை ஒன்றும் பேசாமல் காடாத்துணியில் பார்சலைத் தைத்தாள். முக்கால்வாசி தைத்தபின் நிறுத்தி, எழுந்து போய், சுக்குப்பொடி ஒரு பொட்டலம் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். "பனிக்காலத்துல அவருக்கு இரைக்கும்டா" என்றாள், நான் கேட்காமலே. அரக்கை உருக்கி ஒட்டும்போது அவள் விரல் சுட்டுக்கொண்டது. அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் என்னிடம் பார்சலை நீட்டினாள்.

அவளைப் பற்றியும் ஊரில் அதையேதான் சொன்னார்கள். "அவன் படிப்புக்கு இவ ஈடில்ல." போன மாதம் பெட்டியைத் திறந்தபோது அந்தக் கார்டு இருந்தது. மாமாவின் கவிதைத் தொகுப்பும் இருந்தது, ஒட்டியிருந்த பக்கங்கள் வெட்டிப் பிரிக்கப்படாமல்.

1816 டிசம்பர் 10 அன்று ஹைட் பார்க்கின் செர்பென்டைன் ஏரியிலிருந்து ஹாரியட்டின் உடலை எடுத்தார்கள். இருபத்தொரு வயது, கர்ப்பம் முற்றியிருந்தது. அந்தக் குழந்தையின் தகப்பன் யார் என்று இன்றுவரை துப்புத் துலக்குகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். கடைசிக் கடிதத்தில் அவள் ஷெல்லிக்கு எழுதிய வரிகளைப் பாருங்கள். உங்களுக்கு எதையும் மறுக்க என்னால் முடிந்ததே இல்லை, நீங்கள் என்னை விட்டுப் போகாதிருந்தால் நான் உயிரோடு இருந்திருப்பேன், இருந்தாலும் மனதார மன்னிக்கிறேன். அயாந்தியை மட்டும் என் அக்கா எலிசாவிடமிருந்து பிரித்துவிடாதீர்கள்.

செய்தி கிடைத்த மறுநாள் மேரிக்கு எழுதிய கடிதத்தில் ஷெல்லி பழியை எலிசாமேல் போட்டார். டிசம்பர் 30 அன்று மேரியை மணந்தார். பிள்ளைகளைக் கேட்டு வழக்காடினார். 1817-ல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பிறகு அவர்களை அவர் பார்க்கவேயில்லை. அதன்பின் ஹாரியட்டை மட்டம் தட்டும் வேலையை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பொறுக்காமல் 1894-ல் மார்க் ட்வைன் அவளுக்காக வாதாடி ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். தேடிப் படியுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஷெல்லி தன் இளமைக் கவிதைகளை எழுதிவைத்திருந்த ஒரு கையெழுத்து நோட்டு ஹாரியட்டிடம் இருந்தது. அது அயாந்தியிடம் போய், அவள் புகுந்த எஸ்டெய்ல் குடும்பத்தில் தங்கிவிட்டது. முழுதாக அச்சானது 1964-ல்தான். அதன் கடைசிப் பக்கங்களில் சில கவிதைகள் ஹாரியட்டின் கையெழுத்தில் இருக்கின்றன.

அந்த மாணவிக்கு நீங்கள் பதில் பாக்கி வைத்திருக்கிறீர்கள். அடுத்த வகுப்பில் கவிதைக்கு முன்னால் ஹாரியட்டின் டப்ளின் கடிதத்தை அவள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அந்தத் தலைமூடி வரும் இடத்தில் வகுப்பு சிரிக்கும். சிரிக்க விடுங்கள்.