டயாலிசிஸ் பில்டரைக் கழுவித் திரும்பப் போடுகிறார்கள்: வழக்குப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வன்னியில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் கிழமைக்கு இரண்டு தரம் டயாலிசிஸ். புதுக்குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போகிறேன். பில்டர் உறையில் 2 என்ற இலக்கத்தைக் குறுக்கே வெட்டிய அடையாளம் இருக்கிறது. ஆனாலும் கழுவி அடுத்த முறையும் போடுகிறார்கள். போன கிழமை நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. வழக்குப் போடலாமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு, கோபத்தில் டயாலிசிஸை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து. காய்ச்சலை வைத்தியரிடம் இன்றைக்கே சொல்லி, இரத்தம் சோதித்து, கிளினிக் கொப்பியில் பதியச் செய்யுங்கள்.

அந்த அடையாளம் ஒருமுறை மட்டும் பாவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் கழுவினார்கள் என்பதற்காக மட்டும் நீதிமன்றம் நட்டஈடு தராது. டயாலிசிஸ் பில்டரைச் சுத்தம் செய்து அதே நோயாளிக்கே திரும்பப் போடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது. பில்டரில் அப்பாவின் பெயர் ஒட்டியிருந்ததா? உள் நார்களின் கொள்ளளவை அளந்தார்களா? ஆரம்ப அளவின் 80 வீதத்துக்குக் கீழே போனால் எறிந்துவிட வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட தரம். பூட்டுமுன் கிருமிநாசினி மிச்சமில்லை என்று சோதித்தார்களா? ஹெபடைடிஸ் பி உள்ளவரின் பில்டரைத் திரும்ப எடுக்கவே கூடாது. இவை ஒவ்வொரு தரமும் எழுதப்பட வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் கவனயீனத்தைக் காட்ட அது பெரிய பலம்.

அந்தப் பதிவுகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வைத்தியசாலையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். வழமையாக 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயமென்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். அதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். பில்டர் உறையை எறியாமல் எடுத்து வையுங்கள், தொகுதி இலக்கம் தெரியப் படமும் எடுங்கள்.

வழக்கின் கடினமான பகுதி வேறு. பிரியானி சொய்சா என்ற வைத்தியருக்கு எதிரான வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம் வைத்தியரின் பிழையை ஏற்றும், தீங்கு அதனால்தான் வந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று நட்டஈட்டை மறுத்தது. அதனால்தான் இரத்தப் பரிசோதனையை அவசரப்படுத்துகிறேன்.

நட்டஈட்டு வழக்குப் போடக் கால எல்லை 2 வருடம். அரசுக்கு எதிரானதென்றால் ஒரு மாத முன்னறிவித்தலும் வேண்டும். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அந்த விசாரணைக் காலம் இந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. காய்ச்சல் வந்த திகதியைக் குறித்துக்கொண்டு, இந்தக் கிழமைக்குள் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.