மறுமொழி: கதவில் ‘கொத்தியவர்’ என்று எழுதலாமா?

டர்பனில் உங்கள் கோயிலின் புதிய தேக்குக் கதவில், சிற்ப வேலை செய்தவர் பெயருக்கு முன் ‘கொத்தியவர்’ என்று போடலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் ஐயா, ‘செதுக்கியவர்’ என்றே போடுங்கள். கொட்டாப்புளியால் உளியின் தலையில் தட்டத் தட்ட, மரம் சில்லுச் சில்லாகக் கழன்று இதழும் கொடியும் தெரிய வருகிறதே, அதுதான் செதுக்கல். புல்லை மேலாகச் சீவி எடுப்பதற்கும் அதே சொல்தான். கொத்துவது ஓங்கிப் போடுவது. மண்வெட்டிக்கும் மரங்கொத்திக்கும் அது பொருந்தும். கதவின் குமிழ்கள் கடைசல் வேலையென்றால், அதாவது மரத்தைச் சுழலவிட்டு உருட்டியவை என்றால், ‘கடைந்தவர்’ என்று தனியாகச் சொல்லலாம்.

பழைய சொல்லாட்சி வேண்டுமென்றால், புறநானூறு 206இல் ஔவையார் ‘மரங்கொல் தச்சன்’ என்கிறார். கொல்லுதல் அங்கே வெட்டுதல். அழகான தொடர்தான், ஆனால் கதவில் பொறித்தால் விளக்கம் கேட்டே உங்கள் நிர்வாகக் குழுவைத் துளைத்துவிடுவார்கள்.