தருமபுரியில் தொழில் செய்யும் வழக்கறிஞர் பார் கவுன்சில் தேர்தலில் நிற்க முடியுமா? எப்படி மனுச் செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது: தருமபுரியில் ஏழு ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறீர்கள்; வழக்கறிஞர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலின் உறுப்பினர் தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறீர்கள்; பத்து ஆண்டு முடியாதவர் நிற்கவே முடியாது என்று ஒருவரும், சென்னைக்காரர்தாம் வெல்வார்கள் என்று இன்னொருவரும் சொன்னதால் தயங்குகிறீர்கள். அரூரில் ஜூனியராகத் தொடங்கி, இப்போது தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் தொழில் செய்து வரும் நான், இதே தேர்தலில் ஒருமுறை நின்று தோற்றவன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் பத்து ஆண்டுப் பேச்சு. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 3, தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்களில் கூடுமானவரை பாதிப் பேர் குறைந்தது பத்து ஆண்டுகள் வழக்கறிஞராகப் பதிவில் இருந்தவர்களாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பாதிப் பேர் என்பதுதான் கவனிக்க வேண்டிய சொல். எல்லோரும் பத்து ஆண்டு முடித்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. இதற்கு மேல் நிபந்தனை ஏதும் உண்டா என்பதை அந்தந்தத் தேர்தல் அறிவிப்பிலும் விதிகளிலும் நீங்களே வரி வரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். வழக்கறிஞர்கள் கூடும் பார் ரூமில் கேட்டதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அதே பிரிவின்படி, பதிவேட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தால் தேர்ந்தெடுக்கப்படுவோர் 25 பேர். நம் மாநிலத்திலும் 25 பேர்தாம். இவர்களோடு மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல் பதவி வழியில் உறுப்பினர். பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். நம்மூர்ச் சங்கத் தேர்தலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் நின்றபோது நண்பர்கள் பலருக்கு விளக்க வேண்டியிருந்தது. சங்கம் என்பது நாமே சேர்ந்து நடத்துவது. அதன் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் நம் வளாகத்துக்குள் முடிந்துவிடும். பார் கவுன்சில் சட்டத்தால் அமைந்தது. சட்டம் படித்து முடித்தவரைப் பதிவேட்டில் சேர்ப்பது, தொழில் ஒழுங்கை மீறியவரை விசாரிப்பது, நீக்குவது எல்லாம் அதன் அதிகாரம். மாவட்டத்துக்கு ஓர் இடம் என்ற ஒதுக்கீடு அதில் கிடையாது. மாநிலமும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரே தொகுதி. ஓசூரில் இருப்பவரும் நாகர்கோவிலில் இருப்பவரும் ஒரே வாக்குச் சீட்டைத்தான் கையில் வாங்குவார்கள்.

இந்தத் தேர்தல் ஒற்றை மாற்று வாக்கு முறையில் நடக்கிறது என்பதால்தான், சென்னைக்காரர்தாம் வெல்வார்கள் என்ற பேச்சை நான் முழுவதாக ஏற்பதில்லை. வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்ணால் எழுதுகிறார். செல்லத்தக்க வாக்குகளை 26ஆல் (25 இடங்களோடு ஒன்று கூட்டிய எண்) வகுத்து ஒன்றைக் கூட்டினால் வெற்றிக்கு வேண்டிய அளவு கிடைக்கும். உதாரணமாக 26,000 வாக்குகள் செல்லுமானால் 1,001. அந்த அளவைத் தாண்டியவரின் உபரி வாக்குகளும், கடைசியில் இருந்து நீக்கப்படுபவரின் வாக்குகளும் அடுத்த விருப்பத்துக்கு மாறிக்கொண்டே போகும். எனவே மொத்த வாக்கில் நான்கு சதவீதத்துக்கும் குறைவான ஆதரவு, முதல் விருப்பமாகவோ மாறி வரும் விருப்பமாகவோ, ஒருவரிடம் வந்து சேர்ந்தால் அவர் உறுப்பினர். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒன்றாக நின்றாலும் என் கணக்கில் அந்த அளவு முழுதாக எட்டவில்லை. ஆனால் சேலம், நாமக்கல், திருப்பத்தூர் பக்கத்து நண்பர்கள் தங்கள் ஊர்க்காரருக்கு 1 போட்டுவிட்டு நமக்கு 2 அல்லது 3 போட்டால் எட்டும். நான் முதல் விருப்பத்தை மட்டுமே கேட்டுச் சுற்றியதுதான் என் பெரிய பிழை. வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னவரிடம் நன்றி சொல்லித் திரும்பிவிட்டேன். இரண்டாம் விருப்பத்தை எனக்குத் தாருங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது மனுவுக்கு வருகிறேன். வேட்புமனுப் படிவம் பெரிய விஷயமே இல்லை: பெயர், என்ரோல்மென்ட் எண், தொழில் செய்யும் இடம், முன்மொழிபவர், வழிமொழிபவர், கையொப்பங்கள், கட்டணம். கட்டணம் கனமானது, 2025இல் மாநிலக் கவுன்சில்களுக்கு மேலான இந்திய பார் கவுன்சில் அதை 1,25,000 ரூபாயாக நிர்ணயித்தது, அதுவும் திரும்பக் கிடைக்காத தொகையாக. வாய்தாவுக்கு ஐந்நூறு, ஆயிரம் வாங்கிக் குடும்பம் நடத்தும் தாலுகா நீதிமன்ற வழக்கறிஞருக்கு இது கதவைச் சாத்துவதற்குச் சமம் என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் படிவத்தைவிடவும் கட்டணத்தைவிடவும் உங்களை வீழ்த்தக்கூடியது வாக்காளர் பட்டியல்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எனக்கு வழிமொழிந்தவர் கிருஷ்ணகிரிப் பக்கத்து நண்பர். இருபது ஆண்டுப் பழக்கம். முந்தைய பட்டியலில் அவர் பெயர் இருந்தது, ஆகவே இப்போதும் இருக்கும் என்று நானும் அவரும் நினைத்துக்கொண்டோம். 2015ஆம் ஆண்டு விதிகளின்படி தொழில் புரிவதற்கான சான்றிதழைச் சரிபார்ப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று வந்தபோது அவர் விண்ணப்பத்தை வாங்கி வைத்தவர், பூர்த்தி செய்து அனுப்பவில்லை. மனுத் தாக்கலுக்குக் கடைசி நாளின் முந்திய மாலை, சென்னையில் விடுதி அறையில் உட்கார்ந்து இறுதிப் பட்டியலைப் புரட்டும்போதுதான் அவர் பெயர் இல்லை என்று தெரிந்தது. உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் என் பழைய ஜூனியர் இரவு ஒன்பது மணிக்கு வந்து கையொப்பமிட்டதால்தான் மறுநாள் என் மனுவைத் தாக்கல் செய்ய முடிந்தது. அன்று இரவு பட்டியலை மீண்டும் முழுதாகப் பார்த்தேன். பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் எனக்கு உறுதி சொன்னவர்களில் எத்தனையோ பேர் அதில் இல்லை. சிலர் சந்தா கட்டவில்லை, சிலர் சான்றிதழ் கொடுக்கவில்லை, 2009-10 கல்வியாண்டு முதல் படித்து முடித்த இளையவர்கள் சிலர், தொழில் செய்யத் தகுதி தரும் அகில இந்திய பார் தேர்வை எழுதி முடிக்கவில்லை. வாக்குக் கேட்கப் புறப்படுவதற்கு முன்பே நான் இழந்த வாக்குகள் அவை.

ஆகவே தேர்தல் அறிவிப்புக்குக் காத்திராமல், இப்போதே அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, தேன்கனிக்கோட்டை என்று ஒவ்வொரு நீதிமன்றத்திலும் ஒரு நண்பரைப் பிடித்து, பெயர் விடுபட்டவர்களைச் சேர்க்க உதவுங்கள். உங்களுக்கு வாக்களிக்க மாட்டார் என்று தெரிந்தவரின் விண்ணப்பத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். வாக்குச் சீட்டில் எண்ணுக்குப் பதிலாக டிக் போடுவது, 1 என்பதை இரண்டு பேருக்கு எழுதுவது, தன்னை அடையாளம் காட்டும் குறி எதையாவது இடுவது ஆகியவற்றால் சீட்டு செல்லாததாகும் என்பதையும் அப்போதே சொல்லி வையுங்கள். பிறருக்குப் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுக்கும் நாமே இந்தப் பிழைகளைச் செய்கிறோம்.

இனி, நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். இங்கிலாந்தில் பாரிஸ்டர்கள் எனப்படும், நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்களுக்கு 1894இல் ஏற்பட்ட பார் கவுன்சில் அவர்களுக்காகக் குரல் கொடுக்கிறது. ஒழுங்கு விசாரணையையும் கட்டுப்பாட்டையும் 2006இல் தனி வாரியத்திடம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நம் சட்டத்தின் ஆறாம் பிரிவில் அந்த இரண்டும் அடுத்தடுத்த வரிகளாக நிற்கின்றன: வழக்கறிஞர்மீதான முறைகேட்டுப் புகாரை விசாரித்து முடிவு செய்வது ஒன்று, வழக்கறிஞரின் உரிமையையும் நலனையும் காப்பது மற்றொன்று. ஆகவே நீங்கள் யாரிடம் கைகூப்பி வாக்குக் கேட்கிறீர்களோ, அவர்மீது நாளை புகார் வந்தால் மூவர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லக்கூடியவரும் நீங்களே. அந்தக் குழுவில் இருவர் கவுன்சில் உறுப்பினர்கள். மூன்றாமவர் பத்து ஆண்டு முடித்த வழக்கறிஞர்களிலிருந்து சேர்த்துக்கொள்ளப்படுபவர். கண்டிக்கவும், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை விதிக்கவும், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

ஒரு தாலுகா நீதிமன்றத்தில் வாக்குக் கேட்கப் போனபோது, அங்கே எல்லோரும் மதிக்கும் மூத்தவர் ஒருவர் தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "நம்ம பசங்க மேல கம்ப்ளெயின்ட் வந்தா நீங்க பாத்துக்குவீங்கதானே தம்பி?" என்று கேட்டார். அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். "கோப்பைப் பார்ப்பேங்க அண்ணா. நம்ம பையன்னா அந்தக் குழுவிலேயே உட்கார மாட்டேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அந்த நீதிமன்றத்தில் எனக்கு விழுந்த வாக்குகள் மிகக் குறைவு என்று பின்னர் கேள்விப்பட்டேன். மறுமுறை நின்றாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவருக்குப் புகார் மனுவைத் தட்டச்சு செய்து கொடுத்தவன் நான். கணவர் சாலை விபத்தில் இறந்து, தீர்ப்பாயத்தில் கிடைத்த இழப்பீட்டில் ஒரு பகுதியை அவருடைய வழக்கறிஞர் கொடுக்காமல் வைத்திருந்தார். விசாரணை சென்னையில். அந்த அம்மா ஊரிலிருந்து தருமபுரிக்குப் பேருந்து, அங்கிருந்து மொரப்பூர், மொரப்பூரில் இரவு ரயில் என்று மூன்று முறை போய் வந்தார். இரண்டு முறை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாய்தா கேட்டார். நூறு நாள் வேலைக் கூலியில் மிச்சம் பிடித்த பணம் அந்தப் பயணங்களில் கரைந்தது. மூன்றாம் முறைக்குப் பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். புகாரை ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும் என்று பிரிவு 36பி சொல்கிறது. பென்னாகரத்திலிருந்து வருபவருக்கு மாற்றி அனுப்பப்படும் இடம் டெல்லி. மொரப்பூர் நடைமேடையில் விடியற்காலை இறங்கி நிற்பவரின் களைப்பை அறிந்த ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால், எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும்போது இன்னொரு கேள்வி எழும். நான் நின்றதற்கு அதுதான் காரணம். உங்களையும் நில்லுங்கள் என்று சொல்வதற்கும் அதுவே.

தூரம் உறுப்பினருக்கும் உண்டு. போதிய காரணமின்றித் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத உறுப்பினர் பதவி இழந்தவர் என்று கவுன்சில் அறிவிக்கலாம். தருமபுரியில் விசாரணை நடக்கும் நாளில் சென்னையில் கூட்டம் என்றால் யார் உங்கள் வழக்கை நடத்துவார் என்பதை இப்போதே ஜூனியரோடும் வீட்டிலும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் பெண் வழக்கறிஞராக இருந்தால் இன்னொரு செய்தியும் உண்டு: 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தேர்தல் நடைமுறை தொடங்காத மாநில பார் கவுன்சில்களில் 30 சதவீத இடங்கள் பெண்களுக்கு, அதாவது 20 சதவீதம் தேர்தல் வழியாகவும் 10 சதவீதம் நியமனம் வழியாகவும் கிடைக்க வேண்டும் என்று பணித்தது. அடுத்த அறிவிப்பில் அது எப்படி இடம்பெறுகிறது என்று பாருங்கள்.

வாக்கு எண்ணிக்கை நாட்கணக்கில் நீளும். என் முதல் விருப்ப வாக்குகள் மூன்று இலக்கத்தைத் தாண்டவில்லை. நீக்கப்பட்ட சுற்றில் என் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுத்த விருப்பத்துக்கு மாற்றியதை எதிரில் நின்று பார்த்தேன். பெரும்பாலானவை கொங்குப் பகுதி வேட்பாளர்களுக்குப் போயின. நான் ஒருமுறைகூடப் போய்ப் பேசாத நாமக்கல், ஈரோட்டு நண்பர்கள் அவர்கள். நீங்கள் நிற்பதாக முடிவெடுத்தால் மனு வாங்குவதற்கு முன்பே அங்கே போய்வாருங்கள். போகும் முன் உங்கள் பெயரும், முன்மொழிபவர் வழிமொழிபவர் பெயர்களும், அவர்களுக்கு மாற்றாக இருவர் பெயர்களும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். தருமபுரி வளாகத்தில் வேலை நாட்களில் மதிய இடைவேளையில் என்னைப் பார்க்கலாம். பழைய படிவத்தின் நகல் என்னிடம் இருக்கிறது.