ட்ரோன் பொறியியல் எம்.டெக்.: ஆசிரியர்களைப் பார்த்துக் கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: "ட்ரோன் பொறியியலில் எம்.டெக். சேர இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றின் இணையதளத்தில் 11 ஆசிரியர்கள், அத்தனை பேரும் முனைவர்கள். இன்னொன்றில் 4 முனைவர்கள், ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர், இரண்டு ஆய்வக உதவியாளர்கள். எதில் சேரலாம்? படித்து முடித்து இதே துறையில் ஆசிரியராகும் எண்ணமும் இருக்கிறது."

சென்னையை ஒட்டிய ஒரு கல்லூரியில் இதே படிப்பைத்தான் நானும் முடித்தேன். பிறகு வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் செய்யும் நிறுவனம் ஒன்றில் சில வருடம் வேலை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் வேறொரு கல்லூரியில் வருகைதரு ஆசிரியர். பெஞ்சின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பதினொன்று. ஒவ்வொருவர் பெயரையும் கூகுள் ஸ்காலரில் போட்டுப் பாருங்கள். ஒருவர் கேஸ் டர்பைன் பிளேடைக் குளிர்விப்பதில் ஆய்வு செய்திருப்பார், இன்னொருவர் கூட்டுப்பொருள்களின் விரிசலில். இதைப் பார்த்ததும் "ஏமாற்று வேலை" என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இன்று பாடம் நடத்தும் வயதில் இருப்பவர்கள் ஆய்வு செய்த காலத்தில் ட்ரோன் பொறியியல் என்று தனியாக ஒரு துறை பெரும்பாலும் கிடையாது. எல்லோரும் பக்கத்து வீட்டிலிருந்து வந்தவர்கள்தான். சென்னை ஐ.ஐ.டி.யின் சத்யா சக்கரவர்த்தி எரிதல் இயலில் பெயர்பெற்றவர். மின்சாரத்தில் பறக்கும் டாக்சி செய்யும் இபிளேன் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவர்தான். இன்று உலகம் முழுக்க ஆய்வகங்களில் இருக்கும் பிக்ஸ்ஹாக் ஆட்டோபைலட் (ட்ரோனைத் தானாக நிலைநிறுத்திப் பறக்கவைக்கும் கருவி), ஜூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் லோரன்ஸ் மையர் என்ற மாணவர் தொடங்கிய வேலை. அங்கே அவருக்கு வழிகாட்டிய மார்க் பொல்லஃபைஸ் கணினிப் பார்வைத் துறைக்காரர்.

அதனால் ஆசிரியரின் பழைய ஆய்வுத் தலைப்பு எனக்குப் பெரிய விஷயமில்லை. கடைசி ஐந்து வருடத்தில் என்ன செய்தார், யாரோடு சேர்ந்து செய்தார் என்று பார்ப்பேன். ட்ரோன் என்பது காற்றியக்கவியல், கட்டுப்பாட்டியல், எலக்ட்ரானிக்ஸ், மென்பொருள் என்று நாலு வீட்டுக்கும் பொதுவான பிள்ளை. நாலு வீட்டுப் பெரியவர்களும் ஒருவரோடொருவர் பேசாத கல்லூரியில் அந்தப் பிள்ளை வளராது.

எங்கள் கல்லூரி எப்படி இருந்தது என்று சொன்னால் புரியும்.

காற்றியக்கவியல் எடுத்த சார் ஹெலிகாப்டர் ரோட்டரில் ஊறியவர். பயணிகள் விமானத்தின் இறக்கையில் ரெனால்ட்ஸ் எண் (காற்றோட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்று காட்டும் எண்) கோடிக்கணக்கில் இருக்கும், நம் சின்ன புரொப்பல்லரில் அது லட்சத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும், ஆகவே பெரிய விமானத்துக்கான அட்டவணையைத் தூக்கி இதில் போடாதே என்பதை முதல் வகுப்பிலேயே மண்டையில் ஏற்றிவிட்டார். அப்புறம் கட்டுப்பாட்டியல் மேடம். இரண்டு மாதம் குவாட்டர்னியன், கால்மன் ஃபில்டர் என்று பலகை முழுக்கக் கணிதம்தான். நாலு மோட்டார், ஆறு திசை இயக்கம், ஆகவே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கட்டுப்படுத்த முடியாது என்று அவர் சொன்னபோது, "அதான் பறக்குதே மேடம்" என்று பின்பெஞ்சில் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். மேடம் ரிமோட்டைக் கையில் பிடித்து நாங்கள் பார்த்ததே இல்லை. எலக்ட்ரானிக்ஸ் சாரை ஈ.சி.ஈ. துறையிலிருந்து கடன் வாங்கியிருந்தார்கள். பீரியட் முடிந்தால் போய்விடுவார். இவர்களோடு லேப் அண்ணா. டிப்ளமோ படித்தவர், சாலிடரிங் அயர்னும் கையுமாகவே இருப்பார், கல்லூரியில் மற்ற யாரையும்விட நன்றாகப் பறக்கவிடுவார்.

இரண்டாம் செமஸ்டரில் நாங்கள் செய்த குவாட்காப்டர் ஒரே இடத்தில் நிற்க மறுத்தது. ஜி.பி.எஸ். மோடில் போட்டால் மெல்ல வட்டமடிக்க ஆரம்பிக்கும், வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும், கடைசியில் யாராவது பதறிப்போய் மேனுவலுக்கு மாற்றி இறக்குவோம். பறக்கவிடுகிறவர்கள் இதை டாய்லெட் பவுல் என்பார்கள். பெயர் அசிங்கம்தான், ஆனால் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ட்ரோன் தன் முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தவறாக நினைத்துக்கொண்டால் இப்படி ஆகும். வடக்கே நகர்கிறேன் என்று நினைத்து வடகிழக்கே நகரும், அதைத் திருத்தப் போய் இன்னொரு பக்கம் விலகும்.

"மொட்டைமாடியில வெச்சு காம்பஸ் காலிபரேட் பண்ணினா அப்படித்தான், கான்கிரீட்டுக்குள்ள பூரா கம்பி" என்றார் லேப் அண்ணா. நியாயமான சந்தேகம். வெட்டவெளி மைதானத்துக்குப் போய் மறுபடி காலிபரேட் செய்தோம். அதே வட்டம். காற்றியக்கவியல் சார் காற்றைச் சொன்னார். காற்றே இல்லாத காலையிலும் அதே வட்டம். நாங்கள் ஜி.பி.எஸ். மாட்யூலையே மாற்றினோம். ஒரு மாத உதவித்தொகையில் பாதி போனதுதான் மிச்சம்.

மேடம் "லாக் ஃபைலைக் கொண்டுவா" என்றார் (ட்ரோன் பறக்கும்போது தானே எழுதிவைக்கும் பதிவு அது). ட்ரோன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காம்பஸ் காட்டிய காந்தப்புலத்தின் மொத்த அளவையும் த்ராட்டிலையும் (மோட்டாரை எவ்வளவு முடுக்குகிறோம் என்பது) ஒரே வரைபடத்தில் போடச் சொன்னார். பூமியின் காந்தப்புலம் சென்னையில் கிட்டத்தட்ட 40 மைக்ரோடெஸ்லா. ட்ரோன் எங்கே திரும்பினாலும் அந்த மொத்த அளவு மாறக் கூடாது. எங்கள் வரைபடத்திலோ த்ராட்டில் ஏறும்போதெல்லாம் அதுவும் கூடவே ஏறியது, இறங்கும்போது இறங்கியது. பேட்டரியிலிருந்து வரும் ஒயர் காம்பஸுக்கு நேர் கீழே போய்க்கொண்டிருந்தது. மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் கூடக்கூட ஒயரைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலமும் கூடி காம்பஸைக் குழப்பியிருக்கிறது. தரையில் மோட்டார் ஓடாதபோது எத்தனை முறை காலிபரேட் செய்தாலும் அது தெரியாது.

அந்தச் சாக்கில் மேடம் இன்னொரு கதையும் சொன்னார். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது, 1963இல் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான் என்று. தேர்வில் கேட்காத விஷயம், ஆனால் இன்றுவரை மறக்கவில்லை.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய மேடத்துக்குத் தெரியாது. லேப் அண்ணாதான் பேட்டரியின் பிளஸ், மைனஸ் ஒயர் இரண்டையும் கயிறு திரிப்பதுபோல ஒன்றோடொன்று முறுக்கினார் (எதிரெதிரே ஓடும் மின்னோட்டம் ஒன்றின் புலத்தை மற்றது பெருமளவு அடித்துவிடும்), ஒரு கார்பன் குழாயை வெட்டி காம்பஸை மேலே தூக்கி வைத்தார். மறுநாள் காலை ட்ரோன் ஆணி அடித்தமாதிரி நின்றது.

இதைச் சொல்லவந்த காரணம், உங்கள் பட்டியலில் மேடம் இருப்பதும் அண்ணா இருப்பதும் மட்டும் போதாது. மாணவனின் லாக் ஃபைலை ஆய்வகத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கிற மேடம் வேண்டும், அவர் சொன்னதை அன்று சாயங்காலமே செய்து பார்க்கிற அண்ணாவும் வேண்டும். 11 முனைவர்கள் இருக்கிற உங்கள் முதல் கல்லூரியில் ஆய்வக உதவியாளர் யார் என்று இணையதளத்தில் எழுதவே இல்லை என்றால் எனக்கு அது இடிக்கிறது. இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தப் பதினொரு பேரில் இந்தப் படிப்புக்கு மட்டுமே உரியவர்கள் எத்தனை பேர்? ஒரே ஆளின் பெயர் மூன்று படிப்புகளின் பட்டியலில் இருப்பது நம் ஊரில் புதிதல்ல.

விமானப்படை அதிகாரி விஷயம். அவர் 'பிராக்டிஸ் பேராசிரியர்' பதவியில் இருக்கலாம். யு.ஜி.சி. 2022இல் இதற்கு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. துறையில் குறைந்தது 15 வருட அனுபவம் இருந்தால் போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை. அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் இப்படி நியமிக்கக் கூடாது. எங்களுக்கும் இப்படி ஒருவர் வந்தார். முதல் மூன்று வாரம் ட்ரோனைத் தொடவே விடவில்லை, வெறும் தாள்தான். "பேட்டரி எவ்வளவு வோல்ட்? யார் பார்த்தது? கையெழுத்து எங்கே?" என்பார். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டு, ஒவ்வொரு பறத்தலுக்கும் ஒரு வரி. எரிச்சலாக இருந்தது. வேலைக்குப் போனபின் விபத்து விசாரணை ஒன்றில் என்னைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான். ஆனால் ஒரு சிக்கல், இந்தப் பதவி அதிகபட்சம் மூன்று வருடம், விதிவிலக்காக இன்னும் ஒரு வருடம் நீட்டலாம், அவ்வளவுதான். நீங்கள் இரண்டாம் வருடம் போகும்போது அவர் இருப்பாரா என்று கேட்டுவிடுங்கள்.

ஆசிரியர்களைப் பற்றிக் கேட்கும்போது மைதானத்தைப் பற்றியும் கேட்க வேண்டும், இரண்டும் ஒட்டியவை. 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் (அரசின் வான்வெளி வரைபடத்தில் மஞ்சளோ சிவப்போ இல்லாத பகுதி) 400 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்தில் அது 200 அடி. 8 கிலோமீட்டருக்குள் என்றால் அனுமதி வாங்காமல் பறக்க முடியாது. ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களுக்கும் வகைச் சான்றிதழ் (ட்ரோன் மாடலுக்கான சான்று), தனி அடையாள எண், பைலட் சான்றிதழ் ஆகியவற்றிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் அதுவும் பச்சை மண்டலத்துக்குள்தான். மீனம்பாக்கத்தையும் தாம்பரம் விமானப்படைத் தளத்தையும் சுற்றி எத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அரசின் அந்த டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இரண்டு கல்லூரிகளும் எந்த நிறத்தில் இருக்கின்றன என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. மஞ்சளோ சிவப்போ என்றால் எந்த மைதானத்துக்குப் போகிறார்கள், வாரத்துக்கு எத்தனை நாள், கூட வருவது எந்த ஆசிரியர் என்று கேளுங்கள். "மாணவர்களே போவார்கள்" என்று பதில் வந்தால் யோசியுங்கள்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா அணி 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த யு.ஏ.வி. சேலஞ்ச் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றதை எல்லோரும் அறிவோம், அஜித் ஆலோசகராக இருந்த புண்ணியத்தில். அந்த அணியை வளர்த்தெடுத்த பேராசிரியர் செந்தில்குமாரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆசிரியர்களை எடைபோட உட்காரும்போது இதுவும் எனக்கு நினைவுக்கு வரும்.

நேரில் போனால் நான் முதலில் பார்க்கக் கேட்பது உடைந்த ட்ரோன்களை. பளபளவென்று கண்ணாடி அலமாரியில் மூன்று ட்ரோன் வைத்திருந்தால், அது பார்வையாளர்களுக்கானது. ஒடிந்த கை, உருகிய ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்), உப்பிப்போன லித்தியம் பேட்டரியை மணல் வாளியில் தனியே எடுத்துவைத்திருப்பது, ஒவ்வொன்றிலும் தேதியும் காரணமும் எழுதிய சீட்டு, இதெல்லாம் இருந்தால் அங்கே யாரோ உண்மையாகவே பாடம் நடத்துகிறார்கள். முடிந்தால் காலை ஆறரைக்குப் போங்கள். கடற்கரை மாவட்டத்தில் பகல் ஏறினால் கடற்காற்று வந்துவிடும், சோதனைப் பறத்தலெல்லாம் அதற்கு முன்னால்தான். அந்த நேரத்தில் மாணவர்களோடு எந்த ஆசிரியர் நிற்கிறார் என்று பார்த்துவிடலாம்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால், நான் 4 முனைவர்கள் இருக்கிற இடத்துக்குத்தான் சாய்வேன். மேலே சொன்னதைப் பார்த்துவிட்டு மனது மாறினாலும் தப்பில்லை.

ஆசிரியராகும் ஆசை பற்றி: ஏ.ஐ.சி.டி.ஈ. விதிப்படி பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக, பி.இ., எம்.இ. இரண்டும் தொடர்புடைய பிரிவில் இருக்க வேண்டும், ஏதாவது ஒன்றில் முதல் வகுப்பு வேண்டும். கவனிக்க வேண்டியது அந்தத் 'தொடர்புடைய பிரிவு'. என் பட்டச் சான்றிதழில் ஏரோஸ்பேஸ் என்ற சொல்லே கிடையாது, படிப்பின் பெயர் மட்டும்தான். முதன்முதலில் விண்ணப்பித்த கல்லூரியில், இது ஏரோநாட்டிகல் துறைக்குத் தொடர்புடையதா என்று கேட்டு, பாடத்திட்டத்தை முத்திரையோடு வாங்கிவரச் சொல்லி, இரண்டு மாதம் அலையவிட்டார்கள். ஆகவே சேரும்முன் அலுவலகத்தில் போய், சான்றிதழில் அச்சாகும் பெயர் என்ன என்று கேட்டு, போன வருடம் முடித்தவர் ஒருவருடைய நகலையும் காட்டச் சொல்லுங்கள்.