சுத்தியலை எடுப்பதற்கு முன்னால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய சைக்கிள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. முன் சக்கர ஹப் (சக்கரத்தின் நடுக் குடம்) சின்ன டப்பா அளவுக்குத் தடித்திருக்கிறது. டிரம் பிரேக் என்று நினைத்தேன், ஆனால் பிரேக் கம்பி மாட்ட இடமே இல்லை, ஓரத்தில் இரண்டு குட்டித் திருகுகள்தான் உண்டு. குளிர்காலத்தில் சைக்கிள் சும்மாதானே நிற்கிறது, பிரித்துச் சுத்தம் செய்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள்! அது பிரேக் இல்லை, ஹப்புக்குள்ளேயே அடங்கிய டைனமோ. அந்த இரண்டு திருகுகளும் விளக்குக்குப் போகும் ஒயரை மாட்டுவதற்கு. சக்கரத்தைத் தூக்கிக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகாமல் தடுக்கித் தடுக்கிச் சுற்றினால் உள்ளே காந்தம் இருக்கிறது என்று அர்த்தம். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி செய்த 'டைனோஹப்'பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஹப்பின் வெளிக்கூட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் ஜி.எச். 6 என்று அச்சு தெரியலாம், 6 என்பது 6 வோல்ட்.

வில்லங்கம் அந்தக் காந்தத்தில்தான். நடுவில் செம்புக் கம்பிச் சுருள் சுற்றிய இரும்பு, அதைச் சுற்றி வளையமாகக் காந்தம். அந்த வளையத்தை வெறுமனே உருவி மேசையில் வைத்தீர்களோ, சக்தி இறங்கிவிடும், திரும்ப மாட்டினால் விளக்கு மினுக் மினுக்கென்று அழும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் சுருளை வெளியே தள்ளும்போதே அதே அளவு இரும்பு வளையம் ஒன்று அந்த இடத்தில் புகுகிற மாதிரி கழற்றுவார்கள், ஒரு நொடிகூடக் காந்தம் காலியாக இருக்காது. உங்களுக்கு வேண்டியது பால்ஸுக்கு (சக்கரம் சுழல உதவும் குட்டி இரும்புக் குண்டுகள்) கிரீஸ் வைப்பது மட்டும்தானே? காந்தத்தைக் கூட்டோடு பிடித்திருக்கும் சின்ன நட்டுகளைக் கழற்றி, காந்தமும் சுருளும் பிரியாமல் ஒரே உருப்படியாக வெளியே எடுத்துத் தூரமாக வையுங்கள். பக்கத்தில் வைத்தால் பால்ஸ், இரும்புத்தூள் எல்லாம் ஓடிப்போய் அதில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஊசி முனையால் நோண்டி நோண்டி எடுக்க வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்க நான் நோண்டியிருக்கிறேன்.

கேள்வி: ஸ்டீல் ஃப்ரேமுக்குள் அலுமினிய சீட் பைப் இறுகிவிட்டது. நெருப்புக் காட்டினால் வரும் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் சொல்வதை உல்டாவாகச் செய்யுங்கள். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் ஸ்டீலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், குளிரில் அதே கணக்கில் சுருங்கும். உள்ளே இருப்பது அலுமினியம். சூடேற்றினால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும், பெயின்டும் போகும். குளிர் உங்கள் கட்சி. 27 மில்லிமீட்டர் பைப் 20 டிகிரி குளிர்ந்தால் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்குதான், கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் இரண்டு உலோகத்துக்கும் நடுவே படிந்த வெள்ளைப் பொடி போன்ற அரிப்பின் பிடி விட்டு எண்ணெய் இறங்க அது உதவும். முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு வெளியே நிறுத்துங்கள். குளிரில் எண்ணெயும் மெதுவாகத்தான் ஊறும், அதனால் இரண்டு மூன்று ராத்திரி ஆகட்டும். பிறகு அதிகாலையில் பழைய சீட்டை மாட்டி இடமும் வலமுமாகத் திருப்புங்கள். மேலே இழுக்காதீர்கள், திருப்புங்கள். ஒன்று சொல்ல மறந்தேன், ஜில்லென்று இருக்கும் சைக்கிளைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் இரும்பு முழுக்க வியர்க்கும். உடனே துடைக்காவிட்டால் பளபளப்பான இடமெல்லாம் துரு பூக்கும்.

கேள்வி: அப்படியானால் அலுமினிய கிராங்கையும் (பெடலைத் தாங்கும் கை) குளிரில் கழற்றலாமா? பழைய பிரெஞ்சு கிராங்க், காட்டர் பின் (கிராங்கை ஆக்சிலோடு பூட்டும் ஆப்பு) இல்லாதது.

பதில்: கூடாது, இங்கே கதை தலைகீழ். உள்ளே ஸ்டீல் ஆக்சில், வெளியே அலுமினியம், குளிரில் கிராங்க் இன்னும் கவ்விப் பிடிக்கும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வையுங்கள். அதைவிட முக்கியம் கிராங்கில் புல்லரைத் திருகும் மரையின் அளவு. இன்று கடையில் கிடைக்கும் கிராங்க் புல்லர் (கிராங்கைக் கழற்றும் கருவி) பெரும்பாலும் 22 மில்லிமீட்டர். பழைய டி.ஏ. கம்பெனி கிராங்க் என்றால் 23, ஸ்ட்ராங்லைட் கம்பெனி கிராங்க் என்றால் 23.35. சின்ன புல்லர் லொடலொடவென்று உள்ளே போய்விடும், பொருந்திய மாதிரியே தெரியும், இறுக்கியதும் மரை மொத்தமும் சுருண்டு வெளியே வரும். முதலில் கேலிப்பர் (அளவு பார்க்கும் கருவி) வைத்து அளந்து பாருங்கள்.

கேள்வி: பின் ஹப்பில் 'ஏ.டபிள்யூ. 64 11' என்று இருக்கிறது. பாகத்தின் நம்பரா?

பதில்: பிறந்த தேதி! 1964 நவம்பர். ஏ.டபிள்யூ. என்பது ஸ்டர்மி ஆர்ச்சரின் மூன்று கியர் ஹப். ஹப்புக்கு வயது தெரிந்தது, சைக்கிளுக்கும் அதே வயது என்று சத்தியம் செய்யாதீர்கள், நடுவில் யாராவது சக்கரம் மாற்றியிருக்கலாம். பிரிப்பதாக இருந்தால் ஆக்சிலுக்குள் போகும் குட்டிச் சங்கிலியை முதலில் திருகி எடுத்துவிடுங்கள். வலது பக்கத்துப் பெரிய வளையத்துக்கும் கூட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறி வையுங்கள், அதன் மரைக்கு இரண்டு தொடக்கம் உண்டு, பழைய இடத்திலேயே பூட்ட வேண்டும்.

கேள்வி: காலைக் குளிரில் பெடலை மிதித்தால் சக்கரம் பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது. வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. ஃப்ரீவீலைப் (பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்) பிரிக்கணுமா?

பதில்: வேண்டாம். யாரோ உள்ளே கிரீஸ் அப்பியிருக்கிறார்கள், குளிரில் அது மெழுகாக உறைந்து, பல்லில் விழ வேண்டிய குட்டி நாக்குகள் மடங்கியபடியே ஒட்டிக்கொள்கின்றன. சக்கரத்தைப் படுக்கப் போட்டு, ஃப்ரீவீலின் சுற்றும் பாகத்துக்கும் சுற்றாத பாகத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிக்கொண்டே இருங்கள், கீழே ஒரு பழைய துணி போட மறக்காதீர்கள். கறுப்பாக வடிவது நின்று டிக் டிக் சத்தம் தெளிவாகக் கேட்டதும் தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு.